40.5 மீற்றர்: பிழையான ஒரு விடையின் நிகழ்வு ஆய்வு

உயர்தர இணைந்த கணித வகுப்பொன்றில் கொடுத்த கேள்வி இது:

கொக்குவில் சந்தித் தரிப்பிடத்தில் நின்ற பஸ் ஒன்று ஓய்விலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை வீதி வழியே 1 மீ/செ² சீரான ஆர்முடுகலுடன் (அதாவது செக்கனுக்கு 1 மீ/செ வீதம் வேகம் கூடியபடி) சுன்னாகம் பக்கம் போகிறது. பஸ் புறப்பட்டு 4 செக்கனின் பின், அதே திசையில் 9 மீ/செ மாறா வேகத்துடன் வரும் மோட்டார் சைக்கிள் ஒன்று அந்தத் தரிப்பிடத்தைக் கடக்கிறது. தரிப்பிடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் மோட்டார் சைக்கிள் பஸ்ஸைப் பிடிக்கும்?

மாணவி ஒருத்தி 40.5 மீற்றர் என்று எழுதியிருந்தாள். விடை 18 மீற்றர்.

பிழையாகச் செய்தவர்கள் வேறும் இருந்தார்கள். இந்தக் கொப்பியை மட்டும் எடுத்து எழுதுவதற்குக் காரணம், இதில் கணக்குப் பிழை ஒன்றுகூடக் கிடையாது. சுருக்கியது சரி, வர்க்கம் சரி, அலகும் சரி. அட்சரகணிதத்தில் கெட்டிக்காரி, சூத்திரங்களை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். அப்படிப்பட்ட பிள்ளை எங்கே சறுக்குகிறது என்று பார்த்தால், சுமாராகச் செய்கிற பிள்ளைகள் சறுக்குவதும் பெரும்பாலும் அதே இடத்தில்தான்.

அவள் எழுதிய பட்டியல்

வகுப்பில் சொல்லும் எழுத்துகளையே இங்கும் வைத்துக்கொள்கிறேன். யூ தொடக்க வேகம், வீ இறுதி வேகம், ஏ ஆர்முடுகல், எஸ் இடப்பெயர்ச்சி, ரீ நேரம். கொப்பியில் இருந்தது இவ்வளவுதான்:

யூ = 0, வீ = 9, ஏ = 1, ரீ = 4, எஸ் = ?

வீ² = யூ² + 2 ஏ எஸ்
81 = 2 எஸ்
எஸ் = 40.5 மீற்றர்

பார்க்க எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது! கேள்வியில் இருந்த எண்கள் எல்லாம் பட்டியலில் ஏறிவிட்டன. ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான எழுத்தும் கிடைத்துவிட்டது. ஆனால் யார் யாருடைய எண் என்று கேட்டால் பட்டியல் கலைந்துபோகும். யூவும் ஏயும் பஸ்ஸுக்கு உரியவை. 9 மோட்டார் சைக்கிளுடையது. 4 இரண்டுக்கும் சொந்தமில்லை, இரண்டு வாகனங்களும் தரிப்பிடத்தை விட்ட நேரங்களுக்கு இடையிலுள்ள வித்தியாசம் அது.

இந்தப் பட்டியலைப் பிழை என்று பிடிக்க விடைத்தாள் தேவையில்லை. சீரான ஆர்முடுகலுள்ள ஓர் இயக்கத்தில் ஐந்து கணியங்களில் மூன்று தெரிந்தால் மற்ற இரண்டும் தாமாக வந்துவிடும். அவளிடம் நான்கு இருந்தன. நாலாவது, மற்ற மூன்றோடும் ஒத்துப்போக வேண்டும். போகிறதா? வீ = யூ + ஏ ரீ இல் போட்டால் 9 = 4 என்று வருகிறது. ரீயைப் பாவிக்காமல் விடுகிற சூத்திரத்தை எடுத்தபடியால் இந்த முரண் அவள் கண்ணில் படவேயில்லை. கேள்வியில் தந்த ஒரு தரவு பாவிக்கப்படாமல் மிஞ்சியது மட்டும்தான் வெளியே தெரிந்த அடையாளம். அதை ‘சும்மா தந்திருக்கிறார்கள்’ என்று விட்டுவிட்டாள்.

பஸ்ஸுக்கு எப்படி வீ = 9?

இதுதான் எனக்கு விளங்காமல் இருந்தது. அவசரத்தில் எழுதியதென்றால் விட்டுவிடலாம். கேட்டுப் பார்த்தேன்.

“பஸ்ஸின்ர இறுதி வேகம் ஒன்பது எண்டு எதை வைச்சு எழுதினீர், பிள்ளை?”

“பிடிக்கேக்க ரெண்டும் ஒரே வேகத்திலதானே சேர் போகும்?”

அவசரமில்லை, அவள் அப்படித்தான் நம்பியிருந்தாள். எட்டிப் பிடித்தால் இடமும் ஒன்று, வேகமும் ஒன்று. இந்த மயக்கம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ட்ரோபிரிட்ஜும் மக்டெர்மொட்டும் செய்து 1980 இல் வெளியிட்ட ஆய்வில், பல்கலைக்கழக மாணவர்களே ஒரே இடத்தில் இருப்பதையும் ஒரே வேகத்தில் போவதையும் ஒன்றாக்கிக் குழப்பியதைக் காட்டியிருக்கிறார்கள்.

எங்கிருந்து வருகிறது இந்த நம்பிக்கை? பள்ளிக்கூடம் விட்டதும் கூட்டாளி முன்னால் போகிறாள்; இவள் சைக்கிளை எட்டி உழக்கிப் பக்கத்தில் போகிறாள்; போனதும் வேகத்தைக் குறைத்துக் கதைத்துக்கொண்டே இரண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்குப் போகிறார்கள். வாழ்க்கையில் ‘பிடித்தல்’ என்பது அநேகமாக இப்படித்தான் முடிகிறது. கணக்கில் வரும் மோட்டார் சைக்கிள்காரர் வேகத்தைக் குறைப்பதில்லை. பிடித்த கணத்திலேயே கடந்தும் போய்விடுகிறார்.

சரி, அப்படியென்றால் 40.5 என்பது என்ன? வெறும் குப்பை எண்ணா? இல்லை. பஸ் 9 மீ/செ வேகத்தை எட்டும்போது இருக்கிற இடம் அது. அப்போது பஸ் புறப்பட்டு 9 செக்கன். மோட்டார் சைக்கிள் தரிப்பிடத்தைக் கடந்து 5 செக்கன். 45 மீற்றரில் இருக்கும். அதாவது அவள் கண்டுபிடித்த கணத்தில் மோட்டார் சைக்கிள் பஸ்ஸை விட 4.5 மீற்றர் முன்னால் இருக்கிறது. இடைவெளி அதற்கு மேல் கூடப்போவதில்லை. அதன்பின் பஸ்தான் வேகமானது. கேட்காத ஒரு கேள்விக்கு அவள் சரியான விடை எழுதியிருக்கிறாள்.

எண்ணிப் பார்ப்பது

ரியூசன் வகுப்புகளில் இந்தப் பாடத்தை வகைவகையாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. நேரம் தராவிட்டால் இந்தச் சூத்திரம், நிலையங்களுக்கிடையே ஓடும் கணக்கென்றால் அந்தச் சூத்திரம் என்று. பரீட்சைக்கு முதல் நாள் இது உதவும். ஆனால் இரண்டு வாகனமோ இரண்டு கட்டமோ உள்ள கேள்வியில் எந்த வகையென்று தேடுவதிலேயே பிள்ளைக்கு நேரம் போய்விடுகிறது.

உண்மையில் இங்கே பெரிய இரகசியம் ஒன்றுமில்லை. எழுத்துகள் ஐந்து. ஒன்றையொன்று சாராத சமன்பாடுகள் இரண்டே இரண்டு. வீ = யூ + ஏ ரீ என்பது ஆர்முடுகலின் வரைவிலக்கணம். எஸ் = ½(யூ + வீ)ரீ என்பது சராசரி வேகத்தை நேரத்தால் பெருக்குவது. இந்த இரண்டாவதை 14ஆம் நூற்றாண்டிலேயே ஒக்ஸ்போட்டின் மேட்டன் கல்லூரி அறிஞர்கள் சொல்லிவிட்டார்கள். பிரான்சில் நிக்கோல் ஒரேம் அதைப் படமாக வரைந்து, பரப்பளவாகக் காட்டினார். கலிலியோ அதையே 1638 இல் வெளிவந்த நூலில் விழும் பொருளுக்குப் பாவித்தார். மிச்சச் சூத்திரங்கள் எல்லாம் இந்த இரண்டிலிருந்தும் ஓர் எழுத்தை நீக்கப் பிறந்தவை. வீயை நீக்கினால் எஸ் = யூ ரீ + ½ ஏ ரீ². ரீயை நீக்கினால் வீ² = யூ² + 2 ஏ எஸ். யூவை நீக்கினால் எஸ் = வீ ரீ − ½ ஏ ரீ²; கொப்பிகளில் இதை நான் அபூர்வமாகத்தான் காண்கிறேன்.

ஆக ஐந்து சூத்திரங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்துக் குறைவு. தெரியாததும் தேவைப்படாததுமான எழுத்து எதுவோ, அது இல்லாத சூத்திரத்தை எடுத்தால் வேலை ஒரு வரியில் முடியும். மாணவிக்கு இது தெரியும். ஒரே உடல் (இயங்கும் பொருள்), ஒரே ஆர்முடுகல், மூன்று தரவு என்றால் அவள் பிழைவிட்டதேயில்லை. அவளுக்குத் தெரியாதது, பட்டியல் ஒன்று எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது. ஆர்முடுகல் மாறினால் புதிய பட்டியல். உடல் மாறினாலும் புதிய பட்டியல்.

அதனால் சூத்திரத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, கொப்பியில் இரண்டு நிரல் போடச் சொன்னேன். தலையில் பெயர்: பஸ், மோட்டார் சைக்கிள். அந்தந்த நிரலுக்குள் அந்தந்த வாகனத்தின் எண்கள் மட்டும்.

பஸ்: யூ = 0, ஏ = 1. வேறு இல்லை. எண்ணிக்கை இரண்டு.

மோட்டார் சைக்கிள்: யூ = 9, ஏ = 0. மாறா வேகமும் சீரான ஆர்முடுகல்தான், அதன் பெறுமானம் பூச்சியம். வீயும் 9 என்று தெரியும், ஆனால் அது முதல் இரண்டிலிருந்தே வருவதால் புதிய தகவல் இல்லை. எண்ணிக்கை மறுபடி இரண்டு.

“ரெண்டிலயும் ஒண்டு குறையுது, சேர்.”

ஓம், குறையத்தான் வேண்டும். ஒரு நிரலில் மூன்று இருந்திருந்தால் மற்ற வாகனத்தைக் கேள்வியில் கொண்டுவரத் தேவையே இருந்திருக்காது. குறைகிற இடத்தை நிரப்புவது நிரல்களுக்கு இடையிலான உறவு. பிடிக்கிற கணத்தில் எஸ் இரண்டுக்கும் ஒன்று. நேரம் பஸ்ஸுக்கு ரீ என்றால் மோட்டார் சைக்கிளுக்கு ரீ − 4. பட்டியலில் தவறாக ஏறியிருந்த அந்த 4, இப்போது நிரல்களுக்கு நடுவே, தனக்குரிய இடத்தில் வந்து உட்கார்ந்தது. மிச்சத்தை அவளே செய்தாள்:

½ ரீ² = 9(ரீ − 4)
ரீ² − 18 ரீ + 72 = 0
(ரீ − 6)(ரீ − 12) = 0

ரீ = 6 இல் பஸ் 18 மீற்றர், மோட்டார் சைக்கிள் 9 × 2 = 18 மீற்றர். முடிந்தது.

வெட்டப்பட்ட 12

12 ஐக் குறுக்கே வெட்டிவிட்டு ‘பொருத்தமற்றது’ என்று பக்கத்தில் எழுதினாள். இது பரவலான பழக்கம். சமன்பாட்டுக்கு இரண்டு மூலம் (தீர்வு) வந்தால் ஒன்று பொய்யாக இருக்கவேண்டும் என்று ஒரு சட்டம் இருப்பதைப்போல.

ரீ = 12 இல் பஸ் 72 மீற்றரில் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் 9 × 8, அதுவும் 72. பஸ்ஸின் வேகம் அப்போது 12 மீ/செ. மோட்டார் சைக்கிளால் முந்தப்பட்ட பஸ், திரும்ப அதை முந்துகிற கணம் இது. கேள்வி ‘மோட்டார் சைக்கிள் பஸ்ஸைப் பிடிக்கும்’ என்றதால் எடுக்கவேண்டியது ரீ = 6. ‘எப்போதெல்லாம் ஒன்றையொன்று கடக்கும்’ என்று கேட்டிருந்தால் இரண்டும் வேண்டும். தூர–நேர வரைபில் பஸ் ஒரு பரவளைவு, மோட்டார் சைக்கிள் ஒரு நேர்கோடு. கோடு வளைவை இரண்டு இடத்தில் வெட்டுகிறது. (உண்மையான மினிபஸ் கியர் மாற்றும்போது இழுபடும், 12 செக்கனுக்கு ஒரே ஆர்முடுகலில் ஓடாது. அது வேறு கதை.)

மறை (−) மூலத்தைக்கூட உடனே வெட்டத் தேவையில்லை. கிணற்று விளிம்பிலிருந்து 5 மீ/செ வேகத்தில் ஒரு கல்லை மேல்நோக்கி எறிகிறோம், நீர்மட்டம் 10 மீற்றர் கீழே, ஈர்ப்பு ஆர்முடுகல் 10 மீ/செ² என்று எடுத்தால், ரீ² − ரீ − 2 = 0; மூலங்கள் 2 உம் −1 உம். கிணற்றுக்குள் கல்லுப் போட்டால் வீட்டில் என்ன கிடைக்கும் என்பதை விட்டுவிடுவோம். விடை 2 செக்கன். −1 சொல்வது இது: அதே கல்லை நீர்மட்டத்திலிருந்து ஒரு செக்கன் முந்தி 15 மீ/செ வேகத்தில் மேலே எறிந்திருந்தாலும், விளிம்பைக் கடக்கும்போது அதன் வேகம் இதே 5 மீ/செ ஆகத்தான் இருந்திருக்கும். நம் கதை ரீ = 0 இல் தொடங்குவதால் அதை விடுகிறோம்.

பஸ்ஸுக்குத் திரும்புவோம். மோட்டார் சைக்கிள் 4 செக்கனுக்குப் பதில் இன்னும் பிந்தி வந்தால்? பிந்தும் நேரத்தை ‘பி’ என்று வைத்தால் ரீ² − 18 ரீ + 18 பி = 0. தன்மைகாட்டி (மெய்யான மூலம் உண்டா என்று காட்டும் கணியம்) 324 − 72 பி. பி 4.5 ஐத் தாண்டினால் மெய்யான மூலமே இல்லை. மோட்டார் சைக்கிள் ஒருபோதும் பஸ்ஸைப் பிடிக்காது. சரியாக 4.5 என்றால் ஒரே ஒரு மூலம், ரீ = 9. கோடு வளைவைத் தொட்டுவிட்டுப் போகிறது. தொடுகிற இடத்தில் இரண்டின் படித்திறனும் (சாய்வும்) ஒன்று, அதாவது வேகம் சமன். அந்த இடம் எது? 9 × 4.5 = 40.5 மீற்றர்.

அவள் நம்பிக்கை உண்மையாகிற ஒரே நிலைமை இது. வகுப்பில் இதைப் போட்டுக் காட்டியபோது அவளைவிட மற்றவர்கள்தான் கூடச் சத்தம் போட்டார்கள். என்னைக் கேட்டால், ‘பிழை’ என்று சிவப்புப் பேனையால் கீறுவதை விட, அந்த விடை எந்த நிலைமைக்குப் பொருந்தும் என்று தேடுவது பிரயோசனமானது. அதன்பிறகு பிடித்தலையும் வேகச் சமனையும் அவள் குழப்பியதை நான் காணவில்லை.

ரெயில் கணக்கில் எண்ணிக்கை போதவில்லை

இரண்டு நிரல் பழக்கம் வந்தபின் கொடுத்தது இது. ரெயில் ஒன்று ஒரு நிலையத்திலிருந்து புறப்பட்டுச் சீராக வேகம் கூட்டி 16 மீ/செ ஐ அடைந்து, கொஞ்சநேரம் அதே வேகத்தில் ஓடி, சீராக வேகம் குறைத்து அடுத்த நிலையத்தில் நிற்கிறது. நிலையங்களுக்கு இடையே 2.4 கிலோமீற்றர், மொத்த நேரம் 3 நிமிடம். மாறா வேகத்தில் ஓடிய நேரம் என்ன? (1990 இல் நின்றுபோன ரெயில் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் திரும்பி வந்தது. இடையில் இங்கே படித்தவர்களில் எத்தனையோ பேர் ரெயிலைக் காணாமலே ரெயில் கணக்குச் செய்தவர்கள்.)

மூன்று கட்டம், மூன்று நிரல். முதலாவதில் யூ = 0, வீ = 16. இரண்டாவதில் யூ = 16, ஏ = 0. மூன்றாவதில் யூ = 16, வீ = 0. எல்லாவற்றிலும் இரண்டு இரண்டுதான். உறவுகளாகத் தூரங்களின் கூட்டு 2400, நேரங்களின் கூட்டு 180. குறைவது மூன்று, கிடைப்பது இரண்டு. “காணாது, சேர்” என்று பேனையை வைத்துவிட்டாள்.

எண்ணியது சரி. எல்லாவற்றையும் கண்டுபிடிக்க முடியாது என்றுதான் அந்த எண்ணிக்கை சொல்கிறது. கேட்ட ஒன்றைக் கண்டுபிடிக்க முடியுமா என்பது தனிக் கேள்வி. அங்கே வேக–நேர வரைபு கைகொடுக்கும். வடிவம் ஒரு சரிவகம். அடி 180, மேற்பக்கம் நாம் தேடும் நேரம், உயரம் 16, பரப்பளவு 2400. ஆகவே ½(180 + ரீ) × 16 = 2400; ரீ = 120 செக்கன். சரிவகத்தின் இரண்டு சாய்ந்த பக்கங்களும் எப்படிச் சரிந்தாலும் பரப்பளவு மாறாது. அதனால் இரண்டு ஆர்முடுகல்களும் தனித்தனியே தெரியாமலே விடை வந்துவிடுகிறது. மிஞ்சிய 60 செக்கனை அவை எப்படிப் பங்கிட்டன என்று கேட்டால் இன்னொரு தரவு வேண்டும். அமர்முடுகல் (வேகம் குறையும் வீதம்) ஆர்முடுகலின் இரு மடங்கு என்று தந்தால் 40 உம் 20 உம், ஆர்முடுகல் 0.4 மீ/செ², அமர்முடுகல் 0.8 மீ/செ².

நின்ற பஸ் பின்னால் போனது

எண்ணிக்கை சரியாக மூன்று வந்தும் ஏமாற்றுகிற கேள்வி ஒன்று உண்டு. 12 மீ/செ வேகத்தில் வந்த பஸ், ரெயில் கடவையைக் கண்டு 3 மீ/செ² அமர்முடுகலுடன் பிரேக் பிடிக்கிறது. முதல் 5 செக்கனில் எவ்வளவு தூரம் போகும்? யூ = 12, ஏ = −3, ரீ = 5. சூத்திரத்தில் போட்டால் 60 − 37.5 = 22.5 மீற்றர். வகுப்பில் பாதிப்பேருக்கு மேல் இதைத்தான் எழுதினார்கள், இவளும் எழுதினாள்.

பஸ் 4 செக்கனிலேயே 24 மீற்றரில் நின்றுவிட்டது. 22.5 வரவேண்டுமென்றால் ஐந்தாவது செக்கனில் அது 1.5 மீற்றர் பின்னால் வந்திருக்கவேண்டும். மேலே எறிந்த பந்துக்கு இது சரி, பிரேக் பிடித்த பஸ்ஸுக்குச் சரிவராது; நின்றதும் அதன் ஆர்முடுகல் பூச்சியமாகிவிடும், பட்டியல் அங்கேயே முடிந்துவிடும். பிரேக் கேள்வி வந்தால் முதலில் நிற்கும் நேரத்தைக் காணச் சொல்லியிருக்கிறேன். இதில் அவள் இன்னும் முழுதாகத் தேறவில்லை. நேரம் தந்திருந்தால் கை தானாகச் சூத்திரத்துக்குப் போகிறது.

ஒற்றை நிரல்

சார்பியக்கப் பாடம் வந்தபோது அவள் பழைய பஸ் கேள்வியைத் தானாகவே எடுத்துக்கொண்டு வந்தாள். மோட்டார் சைக்கிளில் இருந்து பஸ்ஸைப் பார்த்தால் ஒரே நிரல் போதுமே என்றாள். மோட்டார் சைக்கிள் தரிப்பிடத்தைக் கடக்கும் கணத்தில் பஸ் 8 மீற்றர் முன்னால் இருக்கிறது, வேகம் 4 மீ/செ. மோட்டார் சைக்கிள் சார்பாக யூ = 4 − 9 = −5, ஏ = 1. பஸ் இவரிடம் வந்துசேர எஸ் = −8. மூன்று தரவு, எண்ணிக்கை நிறைந்துவிட்டது. ரீ² − 10 ரீ + 16 = 0; மூலங்கள் 2 உம் 8 உம். பஸ்ஸின் மணிக்கூட்டில் அதே 6 உம் 12 உம்.

கீழே இன்னொரு வரியும் எழுதியிருந்தாள், யாரும் கேட்காமல். வீ² = 25 − 16 = 9, ஆகவே வீ = ±3. பக்கத்தில் பென்சிலால்: “−3 அது பிடிக்கேக்க, +3 பஸ் திரும்பப் பிடிக்கேக்க. பி 4.5 எண்டால் 0.”